தெல்மாவின் வியாழக்கிழமைகள்

எனிட் ஆஷ்வொர்த் வட இங்கிலாந்தில் பர்ன்லி என்ற ஊரில் ஒரு பெரிய துணிக்கடையில் முப்பத்தொரு வருஷம் திருடர்களைப் பிடிக்கும் வேலை பார்த்தவள். சாமான் வாங்க வந்தவள் மாதிரி கையில் கூடையோடு திரிவாள். யாருடைய கை எந்தப் பைக்குள் போகிறது என்று பார்த்தபடியே இருப்பாள். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் கண் மட்டும் ஓயவில்லை.

அப்படிப்பட்டவளிடம், தெற்கே கடலோரம் பிரைட்டனில் இருக்கும் அவள் அக்கா தெல்மா ஃபோனில், "கல்யாணம் பண்ணிக்கப் போறேன்டி. பேரு லயனல். தொப்பிக் கடை வச்சிருக்கார்" என்று சொன்னால் சும்மா இருப்பாளா? அக்காவுக்கு வயது அறுபத்தொன்பது. கணவன் இறந்து ரெண்டு வருஷம். சொந்த வீடு வேறு. எனிட் மறுநாளே ரயில் ஏறிவிட்டாள்.

ஸ்டேஷனுக்கு அந்த லயனலே வந்திருந்தான். கத்தரிப்பூ நிற வெல்வெட் கோட்டு, பச்சைச் சாயம் பூசிய தாடி. தெருவில் ஒருத்தரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் எனிட்டை உறுத்தியது. இந்த ஊரில் ஒருத்தனைப் பற்றிப் போலீசில் எப்படிப் புகார் கொடுப்பது? பச்சைத் தாடி என்றால், எந்தப் பச்சைத் தாடி என்று கேட்பார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் அவன் எனிட்டுக்கு மீனும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட பதார்த்தத்தைத் தானே பரிமாறினான். அளவுக்கு மீறிக் குழைகிறான் என்று குறித்துக்கொண்டாள்.

"முன்னால கல்யாணம் ஆயிருக்கா?"

"ஒரு தடவை. அவ பக்கத்து ஊர் ஹோவ்ல இருக்கா."

"உயிரோடதானே?"

மேஜைக்கு அடியில் தெல்மா அவள் காலை மிதித்தாள். லயனல் சிரித்துக்கொண்டே, "போன வாரம்கூட என்னைத் திட்டினா. உயிர் இருக்கறவ மாதிரிதான் தெரிஞ்சுது" என்றான்.

மறுநாள் வியாழன். காலையிலேயே தெல்மா ஒரு பெரிய பையை எடுத்துக்கொண்டு, "பல் டாக்டரைப் பாத்துட்டு சாயங்காலம் வரேன்" என்று கிளம்பினாள். நல்லதாய்ப் போயிற்று என்று எனிட் தொப்பிக் கடைக்கு எதிரே போய் நின்றாள். சரியாகப் பதினொரு மணிக்கு லயனல் கடையைப் பூட்டினான். வெளியூர்க்காரர்கள் வந்து மொய்க்கிற நேரத்தில் எவன் கடையைப் பூட்டுவான்?

பின்தொடர்ந்தாள். சந்து சந்தாக இறங்கி, கடற்கரைச் சாலையைத் தாண்டி, கூழாங்கல் கரையோரம் ஐஸ்கிரீம் கடை ஒன்றின் பின்னால் பதுங்கினான் அவன். எனிட் பத்தடி தள்ளி ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாள்.

அவன் திரும்பாமலே சொன்னான்: "பக்கத்துல வந்தே நில்லுங்க, எனிட். மூணு தெருவுக்கு முன்னாலயே கடைக் கண்ணாடியில பாத்துட்டேன்."

முப்பத்தொரு வருஷத்தில் அவளை யாரும் கண்டுபிடித்ததில்லை. முகம் சிவந்துபோயிற்று. "யாரை ஒளிஞ்சு பாக்கறீங்க?"

"உங்க அக்காவைத்தான். ஆறு மாசமா எல்லா வியாழனும் காணாம போறா. கேட்டா பல் டாக்டர்ங்கறா. ஒரு மனுஷிக்கு மொத்தம் எத்தனை பல்லுங்க? பக்கத்துக் கடைக்காரி போன வாரம் அவளை இங்க பாத்திருக்கா." குரலைத் தாழ்த்தினான். "வேற யாராவது இருக்காங்களா அவளுக்கு?"

எனிட் நம்பவில்லை. திருடன்தானே முதலில் 'திருடன், திருடன்' என்று கத்துவான்? ஆனாலும் அவன் பார்த்த பக்கம் பார்த்தாள்.

சாலைக்கு அடியில் வரிசையாக இருந்த, வளைவுக் கூரை போட்ட சின்னக் கடையறைகளில் ஒன்றில் நீலத் திரை விலகியது. தலையில் சிவப்புத் துணி, காதில் வளையல் அகலத்துக்குத் தோடு. தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு உள்ளே போனாள் தெல்மா. 'மேடம் செரஃபினா, கைரேகை' என்றது பலகை.

லயனலின் முகம் வெளுத்துவிட்டது. "எங்கம்மாவுக்கு வயித்துல கட்டி. ஆபரேஷன் வேணாம், தானா கரையும்னு ஒரு குறிகாரி சொன்னா. அம்மா நம்பினாங்க. இதெல்லாம் தெல்மாவுக்குத் தெரியும்."

எனிட் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். தெல்மா, "உக்காருங்க கண்ணு" என்று சொல்லி நிமிர்ந்தவள், தலைத்துணியை இழுத்துக் கழற்றினாள்.

"இதுதான் உன் பல் டாக்டரா?"

"கத்தாதே. முப்பது வருஷம் வரி ஆபீஸ்ல ஃபைல் தள்ளினேன். ஒருத்தரும் என் முகத்தைப் பாத்துப் பேசினதில்ல. இங்க வர்றவங்க கையை நீட்டிட்டு அழறாங்கடி. நான் பாதி நேரம் அவங்க சொல்றதைக் கேட்டுக்கறேன், அவ்வளவுதான். உடம்பு சரியில்லன்னு வந்தா, முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு அனுப்பிடுவேன்."

"அதை அவர்கிட்ட சொல்றதுதானே?"

"எந்த வாயால சொல்றது?"

திரை மறுபடி விலகியது. லயனல் எவ்வளவு நேரமாக அங்கே நின்றான் என்று தெரியவில்லை. யாரையும் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினான். "எனக்கும் சொல்லு. நீ என்னதான் சொல்றேன்னு பாக்கறேன்."

எனிட் வெளியே வந்தாள். திரையோரம் காதை வைத்தும் பார்த்தாள். கடற்புறாக்களின் கூச்சலில் ஒரு வார்த்தை விளங்கவில்லை. கல்யாணப் பெண்ணின் தோழிகள் மூன்று பேர், கொண்டாட்டத்துக்காக முதுகில் இறகு கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். "நேரமாகும், போயிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தாள்.

நாற்பது நிமிஷம் கழித்து வந்த லயனலின் கண் சிவந்திருந்தது. நேரே கடைப் பக்கம் நடந்தான். "யோசிக்கணும்ங்கறார்" என்றாள் தெல்மா.

எனிட் ஊர் திரும்பினாள். அதன் பிறகு வந்த வியாழன்களில் லயனல் கடையைப் பூட்டிவிட்டு நீலத் திரைக்குப் பின்னால் ஓரமாய் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் தெல்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டானாம். வந்தவர்கள் சம்மதித்தால் மட்டும். நாலாவது வியாழன், மார்பில் வலி என்று வந்த ஒரு கிழவரைத் தெல்மா கையைக்கூடப் பார்க்காமல் வாடகைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அன்றைக்குத்தான் அவன் தேதி குறிக்கச் சம்மதித்தான்.

செப்டம்பரில் கல்யாணம். எனிட் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வரும்போது அக்காவிடம் மெதுவாகக் கேட்டாள்: "இப்ப முழுசா நம்பறாரா உன்னை?"

"மத்த நாளெல்லாம் நம்பறார். வியாழக்கிழமைதான் நம்ப மாட்டார். திடீர்னு திரையை விலக்கிட்டு வந்து நிப்பார்."

அதைக் கேட்ட பிறகுதான் எனிட்டுக்கு, தன்னைப் போலவே கண் ஓயாத அந்த மனுஷனைப் பிடித்தது.