இரண்டு 304

ஞாயிற்றுக்கிழமை காலை. சரவணம்பட்டி அடுக்ககத்தின் காவலறையில் யுஸ்ரா லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். வீடுதோறும் புதிதாகப் பொருத்தியிருந்த ஆபத்துப் பொத்தான்களுக்கு நிரல் எழுதியவள் அவள்தான்.

திரையில் சிவப்பு மின்னியது: 304, பி பிளாக், பாலகோபால். காவலர் வேலுமணி ஓடினார். சற்று நேரத்தில் போனில் அழைத்தார்.

"இங்க ஒண்ணுமில்லீங்க அம்மணி. பெரியவரு இட்லி சாப்ட்டுட்டு இருக்காருங்க. யாரும் அமுக்கலையாமா."

மீண்டும் மின்னியது. மீண்டும்.

யுஸ்ரா நிரலைத் திறந்து பார்த்தாள். பொத்தான் அனுப்புவது கதவு எண்ணை மட்டும்தான். எண்ணைத் தேடும் சாவியாகவும் வீட்டை அதற்குரிய மதிப்பாகவும் வைத்து, எல்லா இணைகளையும் நிரலின் ஒரே வரியில் 'மேப்' என்னும் அட்டவணையாகத் தொகுத்திருந்தாள். ஒரே சாவி இரண்டு முறை வந்தால், பின்னால் வரும் வீடு முன்னால் வந்ததை அழித்துவிடும். ஏ பிளாக்கிலும் ஒரு 304 இருந்தது.

"அண்ணா, ஏ பிளாக்குக்கு வாங்க" என்று போனில் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஏதோ உடைந்தது. ஒரு பெண்ணின் அலறல் பாதியில் நின்றது. யுஸ்ரா சுவரிலிருந்த தீயணைப்பு சிலிண்டரைப் பிடுங்கிப் பூட்டின்மேல் இடித்தாள். வேலுமணியும் வந்து தோளால் மோத, கதவு பிளந்தது.

சமையலறைத் தரையில் சாய்சரண் தன் மனைவி மௌனிகாவின் முதுகில் முழங்காலை ஊன்றி, சார்ஜர் ஒயரால் அவள் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தான். அவள் முகம் கறுத்துவிட்டிருந்தது. யுஸ்ரா சிலிண்டரை ஓங்கி அவன் தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவன் திரும்பி, தலைத்துணியோடு அவளைப் பற்றி முகத்தைச் சுவரில் மோதினான். பல் ஒன்று கழன்று அவள் நாக்கில் கிடந்தது. அவன் மறுபடி மோதுவதற்குள் வேலுமணியின் தடி அவன் முழங்காலை நொறுக்கியது.

மௌனிகா இருமினாள். வெகுநேரம் இருமினாள்.

"எத்தன தடவ அமுக்குனேனுங்க. யாருமே வரலீங்களே."

"நீங்க அமுக்குனது வந்துச்சுங்க. நாந்தான் வேற ஊட்டுக்கு அனுப்பிச்சுபோட்டேன்."

மௌனிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் பிழைத்தாள். சாய்சரணைப் போலீஸ் கொண்டுபோனது. ஆஸ்பத்திரி நடையில், உதட்டுக்குத் தையல் போடுவதற்கு முன்பே, வேலுமணி கொண்டுவந்த லேப்டாப்பில் யுஸ்ரா அந்த வரியைத் திருத்தினாள். இனி ஒரு சாவிக்கு எத்தனை வீடு வந்தாலும் எதுவும் அழியாது. எல்லாம் அதன்கீழ் வரிசையாக நிற்கும். பொத்தான்களை மாற்றும்வரை, 304 அடித்தால் இரண்டு வீட்டுக்கும் ஆள் போக வேண்டும்.

"ரெண்டு ஊட்டுக்கும் நான் ஒருத்தனே எப்படிங்க ஓடறது?" என்றார் வேலுமணி.

"சங்கத்துல இன்னொரு ஆளு கேக்கறேனுங்ணா" என்றாள், இரத்தத்தைத் துடைத்தபடி. "அதுவரைக்கும் நான் வாரேன்."