இடது காது மாமன்

செண்பகவல்லியின் மகளுக்குக் காது குத்த முப்பதாயிரம் தாய்மாமன்கள் வந்து இறங்கினார்கள். தினமும் சாயங்காலம் செல்போனில் நேரலையாகச் சமைத்துக் காட்டுகிறவள் அவள். உடன்பிறந்தவர் என்று யாருமில்லை. பார்க்கிறவர்களை எல்லாம் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிட்டால் வரத்தானே செய்வார்கள்? கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து சுடலைமாடன் கோயில் வரைக்கும் சீர்த்தட்டும் கையுமாக வரிசை நின்றது. கிடாய்களுக்குத் தனி வரிசை.

அந்த வரிசையில் சங்கரபாண்டியும் நின்றான். நாற்பது வயது, ஒண்டிக்கட்டை, கழுகுமலை ரோட்டில் லாரி எடைமேடையில் வேலை. ஐந்து வருசமாக ஒரு சாயங்காலம் தவறாமல் அவளைப் பார்க்கிறான். வளைகாப்பைப் பார்த்தான். மசக்கையில் அவளுக்குப் புளி வாடை ஆகாமல் போனதைப் பார்த்து, இவனும் ஒரு மாதம் புளியைத் தொடவில்லை. அவள் பின்னால் மூடி போட்ட சோற்றுப் பானைகள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். வருசத்துக்கு வருசம் உயர்ந்து இப்போது கூரையைத் தொட்டுவிட்டன. பாத்திரம் வாங்குவதில் தங்கச்சிக்கு அப்படி ஓர் ஆசை போல என்று நினைத்துக்கொள்வான்.

சமையல் முடிந்து அடுப்பை அணைத்ததும் அவள் கேட்பாள்: "அண்ணே, சாப்ட்டீங்களா?"

மற்றவர்கள் பதிலைத் தட்டி அனுப்புவார்கள். கை முழுக்க மாவாக இருக்கிறவள் அதையெல்லாம் எங்கே படிக்கப்போகிறாள்? சங்கரபாண்டி தட்ட மாட்டான். கூடப்பிறந்தவள் கேட்டால் யாராவது எழுதிக் காட்டுவார்களா? வாயைத் திறந்து, "சாப்ட்டேன் தாயி," என்பான்.

எடைமேடையில் லாரிக்காரர்கள் சிரிப்பார்கள். "அவளுக்கு ஒம் பேரு தெரியுமாடே? இலவு காத்த கிளி மாதிரி உக்காந்திருக்க!"

"பேரு தெரிஞ்சாத்தான் அண்ணனா?" என்று இவனும் வீறாப்பாகக் கேட்டுவிடுவான். ஆனால் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. தான் அவளுக்கு நிஜமாகவே ஏதாவது ஆகிறோமா, அல்லது வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் ஒருத்தனா? இன்றைக்கு ஊசி சொல்லிவிடும்.

அந்தப் பக்கத்து ஊசி அப்படி. உண்மையான தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்தால்தான் காதில் இறங்கும். இல்லாவிட்டால் வெந்த சேமியா மாதிரி வளைந்துவிடும். ஆசாரி அதற்கென்று ஒரு மூட்டை ஊசி கொண்டுவந்திருந்தார்.

மூன்று வயது தன்ஷிகா மொட்டைத்தலையில் சந்தனத்தோடு, காப்பரிசியை மென்றபடி மடி மடியாக மாறிக்கொண்டிருந்தாள். துபாயிலிருந்து லீவு போட்டு வந்தவர் மடியில் ஊசி வளைந்தது. பிள்ளைக்குத் தங்க வளையல் போட்டவர் மடியிலும் வளைந்தது. 'தங்கச்சிக்காக உசுரையே குடுப்பேன்' என்று தினமும் தட்டி அனுப்புகிறவர் மடியில் ஊசி முடிச்சே போட்டுக்கொண்டது. ஊசி வளைந்தவர்கள் தட்டை வைத்துவிட்டுப் பந்திக்குப் போனார்கள்.

சங்கரபாண்டியின் முறை வந்தது. செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க எந்த ஊரு?"

ஐந்து வருசமாகச் சாப்பிட்டீங்களா என்று விசாரித்தவள் எந்த ஊர் என்று கேட்கிறாள். சொல்வதற்கு எத்தனையோ சேர்த்து வைத்திருந்தான். "இந்தா, கழுகுமலை ரோடுதான்," என்பது மட்டும்தான் வெளியே வந்தது.

பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஆசாரி இடது காதில் ஊசியை வைத்தார். சரக்கென்று இறங்கியது. பிள்ளை வீரிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். சங்கரபாண்டிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்து எதிரே இருந்தவர்கள் தெரியவில்லை. ஆசாரி வலது காதில் வைத்தார். வளைந்தது. வேறு ஊசி எடுத்தார். அதுவும் வளைந்தது.

"இவரு ஒரு பக்கத்துக்குத்தான் மாமன்," என்றார் ஆசாரி. "அந்தப் பக்கத்துக்கு வேற ஆளு."

சங்கரபாண்டி அதிர்ந்துபோனான். இரண்டும் வளைந்திருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பான். இரண்டும் இறங்கியிருந்தால் ஆடிக்கொண்டே போயிருப்பான். பாதி மாமன் எந்த முகத்தோடு பஸ் ஏறுவது?

ஆசாரி செண்பகவல்லியைப் பார்த்தார். "நீ அண்ணேன்னு கூப்புடுதப்ப மனசுல யார நெனப்ப தாயி?"

அவள் கொஞ்சம் கூச்சத்தோடு கையை நீட்டினாள். ஸ்டாண்டில் மாட்டிய செல்போன் எல்லாவற்றையும் படம்பிடித்துக்கொண்டு நின்றது. "அதத்தான். தெனமும் எனக்கு எதுத்தாப்ல வேற யாரு நிக்கா?"

அவள் புருசன் கருத்தபாண்டி ஓடிப்போய்ப் போனுக்குத் தலைப்பாகையாக உருமால் கட்டி நாற்காலியில் உட்காரவைத்தான். பிள்ளையை அதன் மடியில் சாய்த்தார்கள். வலது காதில் ஊசி சரக்கென்று இறங்கியது. மறுபடியும் குலவை.

சங்கரபாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் அவள் தன் கண்ணைப் பார்த்துக் கேட்டதாக அல்லவா நினைத்திருந்தான்! அவள் பார்த்தது இடையில் நின்ற இந்தப் பயலை.

பந்தியில் இரண்டு மாமன்களுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இலை போட்டார்கள். "வயசுல நீங்கதான் மூத்தவரு," என்றான் கருத்தபாண்டி, போனின் இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டே. "நீங்க கல்யாணம் முடிக்காம இவருக்கு எப்படிப் பொண்ணு பாக்க?" நியாயமான கேள்விதான். சங்கரபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் இனிப் பார்க்கவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தான். ஏழு மணிக்குக் கை தானாகப் போனைத் திறந்துவிட்டது. செண்பகவல்லி சுண்டவத்தல் குழம்பு வைத்து இறக்கினாள். அடுப்பை அணைத்தாள். எதிரே நின்ற போனைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணே, சாப்ட்டீங்களா?"

தன்னைக் கேட்கவில்லை என்று தெரிந்த பிறகு எப்படிப் பதில் சொல்வது? ஆனாலும் கேட்டவளைப் பதிலில்லாமல் விட மனசு வரவில்லை. சன்னமான குரலில், "சாப்ட்டேன் தாயி," என்றான்.

திரையில், மூலையில் விளையாடிக்கொண்டிருந்த தன்ஷிகா தலையைத் தூக்கினாள். இடது காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"யம்மா, மாமா சாப்ட்டாராம்."

"எந்த மாமா?"

"இந்தக் காது மாமா."

செண்பகவல்லியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அஞ்சு வருசமாக் கேக்கேன், ஒரு பதிலும் வரலையேன்னுல்லா இருந்தேன்," என்றாள். "ஆளு சாப்ட்டாரா இல்லையான்னு தெரியாம, அண்ணனுக்குன்னு தெனமும் எடுத்து வச்ச சோத்துல எப்படித் தண்ணி ஊத்திப் பழசாக்க?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஏணியைப் போட்டு ஏறி, அடுக்கின் உச்சியிலிருந்த பானையைத் திறந்தாள். சோறு ஆவி பறந்தது. அதில் தண்ணீரை ஊற்றிவிட்டு அடுத்த பானையைத் திறந்தாள். அதிலும் ஆவி பறந்தது.

கருத்தபாண்டி இன்னும் இரண்டு குடம் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.