சுபேதாரின் குதிகால்

வத்திராயிருப்பிலிருந்து வந்த கார் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் சுந்தரபாண்டியன் அடுப்படி வாசலில் வந்து நின்றார். உள்ளே மருமகள் முத்துப்பேச்சி சூடாக்கிய செங்கல்லின் மேல் எருக்கிலையைப் பரப்பி, வலது குதிகாலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். வதங்கும் இலையின் வாடை அடுப்படி முழுக்க நிறைந்திருந்தது. மாமனாரைப் பார்த்ததும் காலை எடுத்துக்கொண்டாள்.

"அதை ஓரமாத் தள்ளு பேச்சி. அவிய வந்துட்டாக. செத்த நேரம் நொண்டாம நட. பொண்ணோட ஆத்தாளுக்குக் காலு சரியில்லன்னு தெரிஞ்சா, நாளைக்குப் பிள்ளைக்கும் வரும்னு நெனைப்பாக."

"சரி மாமா."

சுந்தரபாண்டியன் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் அழகுராஜாவும் இப்போது எல்லையில்தான் இருக்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் குடும்பத்தைப் பற்றி யாரும் ஒரு சொல் குறைவாகப் பேசியதில்லை, அவர் பேசவிட்டதும் இல்லை. ஒரே பேத்தி செல்விக்கு வந்திருக்கும் நல்ல சம்பந்தம் இது. ஒரு குதிகால் வலியால் அது கலைந்துபோகக் கூடாது.

முத்துப்பேச்சி ராஜபாளையத்தில் நூல் மில்லுக்குப் போகிறவள். ஷிப்ட் முழுக்க நின்ற கால். காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது அவளையறியாமல் ஒரு முனகல் வரும். வெறுந்தரையில் நடக்காதே, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பைப் போட்டுக்கொள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளும் நீல நிறத்தில் ஒரு ஜோடி வாங்கி அடுப்படியில் போட்டுக்கொண்டு நின்றாள். சுந்தரபாண்டியன் அதைப் பார்த்துவிட்டார். சாமி படம் மாட்டிய சுவருக்கு இந்தப் பக்கம் செருப்பு. குடைக் கம்பியில் மாட்டித் தூக்கிக் கொண்டுபோய்க் குழாயடியில் எறிந்தார். "எங்க ஆத்தா வெறுங்காலோட நின்னு ஆக்கிப்போட்ட எடம் இது," என்றார். அவள் அதைக் குழாயடியிலேயே விட்டுவைத்தாள். அதன்பிறகு அந்தச் செருப்பு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்வருவதோடு சரி. வீட்டுக்குள் செங்கல், உப்புப் போட்ட வெந்நீர், காய் நறுக்கும்போது காலடியில் உருட்ட ஒரு ஐஸ் பாட்டில். அவரும் காலையில் அந்த முனகல் கேட்பதற்கு முன்பே ரேடியோவைப் போட்டுவிடப் பழகியிருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா மாரிசாமியும் அவர் மனைவி ஆவுடையம்மாளும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். முத்துப்பேச்சி பால்கோவாத் தட்டோடு வந்தாள். நேராக நடந்தாள். இரண்டு குதிகாலும் தரையில் முழுதாகப் பதிந்தன. மேலுதட்டில் மட்டும் வேர்வை துளிர்த்திருந்தது. காபி கொண்டுவந்தாள், தம்ளர்களை எடுத்துப்போனாள், செல்வியை அழைத்து வந்தாள். ஒவ்வொரு நடைக்கும் சுந்தரபாண்டியனுக்கு முதலில் பெருமையாக இருந்தது. பிறகு அவள் பாதத்தைப் பார்க்க முடியாமல் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

பேச்சு நல்லபடியாகவே போயிற்று. கை கழுவ எழுந்துபோன ஆவுடையம்மாளின் குரல் அடுப்படியிலிருந்து கேட்டது.

"இது ஆருக்கு மதினி? எருக்கெல ஒத்தடமா?"

முத்துப்பேச்சியின் குரல் நிதானமாக வந்தது.

"மாமாவுக்கு மதினி. பட்டாளத்துல பூட்ஸ் போட்டு ஓடுன காலுல்லா. குதிகால்ல நோவு."

மாரிசாமி சிரித்தார். "அன்னைக்குப் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன் மாமா, வெளக்குக் கம்பம் நடந்து வர்ற மாதிரில்ல வந்தீக. இம்புட்டு வலிய வச்சுக்கிட்டா?"

ஆவுடையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "எனக்கும் இதே கருமந்தான் பெரியப்பா. வீட்ல செருப்பு இல்லாம அடுப்படிக்குள்ள போறதில்ல. இப்பக்கூடப் பையில வச்சிருக்கேன். ஒங்க வீட்ல எடுக்கத்தான் கூச்சமா இருந்துச்சு."

எனக்கில்லை, அவளுக்குத்தான் என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். வாயைக்கூடத் திறந்தார். சொன்னால் மருமகள் பொய்க்காரியாவாள். சொல்லிக்கொடுத்தது யார் என்றும் தெரிந்துவிடும். அடுப்படி வாசலில் அவள் நின்றிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை.

"ஆமா," என்றார். "கொஞ்ச நாளாவே இருக்கு."

கல்யாணத்தைத் தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகி அவர்கள் எழுந்தார்கள். வாசல்வரை போய் வழியனுப்ப வேண்டும். வலி இருப்பதாகச் சொன்னவர் எப்படி நிமிர்ந்து நடப்பது? வலது குதிகாலைச் சற்றுத் தூக்கி, பாரத்தை முன்விரல்களில் போட்டு, இடது கையால் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார். பாதி தூரம் போன பிறகுதான், யாருடைய நடை இது என்று அவருக்கு உறைத்தது. பார்க்காதவர்போல இருந்துகொண்டே அத்தனையையும் பார்த்து வைத்திருக்கிறார். எந்தக் கதவருகில் அவள் நிற்பாள், எந்த இடத்தில் மூச்சை இழுத்துக்கொள்வாள் என்பதுவரை.

"பாத்து மாமா, மெதுவா," என்று மாரிசாமி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

கார் போனதும் சுந்தரபாண்டியன் நேராகக் குழாயடிக்குப் போனார். நீலச் செருப்பை எடுத்து, அடியில் ஒட்டியிருந்த மண் போகும்வரை விரலால் தேய்த்துக் கழுவினார். தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். அதைக் கையில் ஏந்தியபடி கூடத்தைத் தாண்டி, சாமி படத்தைத் தாண்டி, அடுப்படி நிலைக்கு உள்ளே வைத்தார்.

"போட்டுக்கத்தா."

முத்துப்பேச்சி மேடையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். வலது பாதம் தரையைத் தொடவில்லை.

"வேண்டாம் மாமா. நோவு ஒங்களுக்குன்னு சொல்லியாச்சுல்ல. அவுக திடுதிப்புனு வந்தா இது ஆரு செருப்புன்னு கேப்பாக."

"அந்தப் பொம்பளையே போடுதேன்னு சொல்லுதா. இனி என்ன?"

"அவுக மாப்பிள்ளையோட அம்மா," என்றாள். "நான் பொண்ணோட அம்மா. நீங்கதான சொன்னீக. கல்யாணம் முடியட்டும்."

குரலில் கோபம் இல்லை. அவள் கூடத்தில் மிச்சம் கிடந்த தம்ளர்களை எடுக்கக் கிளம்பினாள். நிலையருகில் வந்ததும் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, செருப்பு மிதிபடாமல் தாண்டி, முன்விரல்களை ஊன்றி வெளியே போனாள். அவர் விலகி வழிவிட்டார். துடைத்தும் காயாத செருப்பிலிருந்து நீர் கசிந்து, செங்கல்லின் பக்கமாக மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.