தெய்வாத்தாளை அழிக்க முடியவில்லை

1

இந்தக் கதை கணினித் திரையில் வந்த ஒரு மறுப்பிலிருந்து பிறந்தது. 'இந்த வரியை நீக்க முடியாது. வேறொரு வரி இதை நம்பியிருக்கிறது.' படித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அட, கதையே இதுதானே!

முதல் தொடக்கம்: 'ஆர்.எஸ்.புரத்தில் அன்று மழை தூறிக்கொண்டு...' வேண்டாம். இந்தக் கதைக்கு மழை எதற்கு?

2

சென்னியப்பனுக்குச் சரவணம்பட்டியில் கல்யாண மண்டபம். 1998இல் அங்கே கணினி வந்து இறங்கியபோது அவருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. நிரல் எழுதி அதைப் பார்த்துக்கொள்பவள் கயல்விழி. ஆட்களுக்கு ஓர் அட்டவணை, கல்யாணங்களுக்கு ஒன்று, சீர்கள் என்னும் சடங்குகளுக்கு ஒன்று. எந்தக் கல்யாணத்தில் எந்தச் சீரை யார் செய்வது என்று மூன்றும் கோத்துக் கிடக்கும். சீரில் பெயர் உள்ள ஆள், ஆட்கள் அட்டவணையில் இருந்தே ஆகவேண்டும்.

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ செய்வது இணைச்சீர். எங்கள் பக்கம் அது இல்லாமல் தாலி ஏறாது. கூடப்பிறந்தவள் இல்லையென்றால் பங்காளி வீட்டுப் பெண் நிற்பாள். அதனால் கயல்விழி ஒரு விதி போட்டாள்: இணைச்சீர்க்காரி இல்லாமல் கல்யாணம் பதிவாகாது.)

3

மகன் கௌதமனின் கல்யாணத்துக்கு முந்தின வாரம், கையில் துணிக்கடைப் பையோடு வந்து கயல்விழி எதிரே உட்கார்ந்தார் சென்னியப்பன். மகள் தெய்வாத்தாள், கண்ணையாவைத் தானே தேடிக் கட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் போனவள்.

"அம்மணி, அவ பேரை எடுத்துப்போடு. எனக்கு மகளே இல்லை."

கயல்விழி விசையைத் தட்டினாள். மறுப்பு வந்தது.

"முடியலீங்க. இணைச்சீர் இவங்க பேர்ல நிக்குதுங்க. உங்க பையன்தானுங்க வந்து அக்கா பேரைப் போட்டுட்டுப் போனாரு."

"அந்தச் சீரையும் சேத்து எடு."

"அதை எடுத்தா கல்யாணமே பதிவாகாதுங்க."

"ஏனம்மணி, நா வாங்குன பொட்டி எனக்கே இல்லைங்குதா?"

ஐயோ, நாற்காலி நுனியில் உட்கார்ந்து எழுதுகிறேன்!

4

இந்த இடத்தில் கயல்விழிமேல் எனக்குச் சந்தேகம். ஒரு வழி இருப்பது அவளுக்குத் தெரியும். மறைப்பாளா? மறைப்பதாக எழுதிப் பார்த்தேன்: 'அவள் கண்கள் கலங்க...' சேச்சே. பொய் அவளுக்கு வராது.

"ஒரு வழி இருக்குதுங்க. இணைச்சீரை வேற பொண்ணு பேருக்கு மாத்திட்டா இவங்களை எடுத்தறலாமுங்க. யாரு பேரைப் போடட்டுங்க?"

"பங்காளி மக கலாமணி இருக்குது. அதுக்குன்னு சேலைகூட எடுத்தாச்சு." பையைப் பிரித்தார். கிளிப்பச்சை.

"பச்சை அவங்களுக்குப் புடிக்குமுங்களா?"

"தெய்வாதான் பச்சைன்னா உசுரை உடுவா. கடைக்காரன் என்ன நெறம்னான், வாயில வந்துபோட்டுது..."

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது.

5

முடிவு ஒன்று: 'கலாமணி' என்கிறார், வேலை முடிகிறது. முடிவு இரண்டு: சேலையோடு மேட்டுப்பாளையம் பஸ் ஏறுகிறார். என் ஆசை எதுவென்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் பிடிவாதக்காரர், நான் சொல்லிக் கேட்கிற ஆளில்லை.

சரி, தெய்வாத்தாளை நானே எடுத்துப் பார்ப்போம் என்று இந்தக் கதையிலிருந்து அடித்தேன். தலைப்பு போயிற்று. கௌதமன் வந்துபோனதற்குக் காரணம் போயிற்று. பச்சைச் சேலை கட்ட ஆளில்லை. ஒரு வார்த்தை பேசாதவள், ஒருமுறைகூட உள்ளே வராதவள். அவளில்லாமல் ஒரு பத்திகூட நிற்கவில்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

பெயர்க் கட்டம் காலி. சென்னியப்பன் சேலையை மடிக்கிறார், பிரிக்கிறார், மறுபடி மடிக்கிறார்.

"சொல்லுங்க, யாரு பேருங்க?"

நான் எழுந்துகொள்கிறேன். என் நாற்காலி இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, உட்காருங்கள். அவர் உங்களைத்தான் பார்க்கிறார்.