நிமியாவின் பென்டிரைவ்

நிமியா ஒவெலார் கணினி அறைக்குள் போனது கன்ட்டாலிசியோவைக் காப்பாற்ற அல்ல. அவன் காட்டிக்கொடுத்ததற்குச் சான்று எடுத்துத் தரும்படி உத்தரவு, அதற்காகப் போனாள். பின்னால் ஊரில் கதை வேறு மாதிரி சுற்றியதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பரானா ஆற்றின் இக்கரையில் இருந்த அந்தச் சின்னக் கடற்படைத் தளத்தில், ரோந்துப் படகு எந்த இரவு எந்த வளைவில் நிற்கும் என்ற திட்டம் ஒரே ஒரு கணினியில்தான் இருந்தது. அதற்கு இணைய இணைப்பு கிடையாது. கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் சார்ஜென்ட் நிமியா, பென்டிரைவ் சொருகும் துளைகளைக்கூடப் பசை ஊற்றி அடைத்து வைத்திருந்தாள். அப்படியும் சில மாதங்களாகப் படகு வடக்கே நின்றால் கடத்தல்காரர்கள் தெற்கே கள்ளச் சிகரெட்டோடு அக்கரையில் இருந்த அர்ஜென்டினா போய்ச் சேர்ந்தார்கள். தெற்கே நின்றால் வடக்கே போனார்கள். கெட்டிக்காரர்கள் என்று எத்தனை நாள்தான் சொல்லிக்கொண்டிருப்பது. படகோட்டி கன்ட்டாலிசியோவுக்குத் திட்டம் முன்கூட்டியே தெரியும், புதிதாக மோட்டார் சைக்கிள் வேறு வாங்கியிருந்தான். பிடித்து அடைத்துவிட்டார்கள்.

கன்ட்டாலிசியோ நிமியாவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் நின்ற ஞானத்தகப்பன். ஞாயிறுதோறும் பிள்ளை அவன் வீட்டுக்குப் போய்வரும். அந்த உறவில் நிமியா அவனை கொம்பாத்ரே என்பாள், அவன் இவளை கொமாத்ரே என்பான். விசாரணையில் மோட்டார் சைக்கிள் பற்றிக் கேட்டபோது, அவன் புதிதாக வாங்கியதை அவளும் சொன்னாள். கேட்டார்கள், சொன்னாள்.

கணினியில் அவனுடைய தடயம் ஒன்றும் இல்லை. கிடைத்தது ஒரு வைரஸ். அச்சுப்பொறிக்கு வேண்டிய ஏதோ கோப்பு மாதிரி பேர் வைத்துக்கொண்டு மூலையில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. யாராவது பென்டிரைவ் சொருகினால் ரோந்துத் திட்டத்தை அதில் ஒளித்து அனுப்பும். அந்த பென்டிரைவ் இணையம் உள்ள வேறொரு கணினிக்குப் போனதும், திட்டம் அங்கிருந்து யாருக்கோ பறந்துவிடும்.

நிமியா கணினியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். அந்தக் கணினியில் அடைக்காத துளை ஒன்றே ஒன்று. அது அவளுக்கென்று விட்டுவைத்தது.

வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு வாரம் ஒருமுறை புதுப்பிப்பு போட வேண்டும். தளத்தின் இணையத்தில் இறக்கினால் பாதியில் அறுந்துபோகும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் தளத்து வாசலுக்கு எதிரே, ஊரார் மரியாதையோடு 'ஞா' போட்டு அழைக்கும் சின்ஃபோரியானாவின் ஜெராக்ஸ் கடைக்குப் போவாள். பள்ளிக்கூடப் பாடம், கல்யாணப் பத்திரிகை, அடையாள அட்டை என்று ஊரில் பாதிப் பேருடைய பென்டிரைவ் அந்தக் கணினியில் நுழைந்து வரும். மருந்து வாங்கப் போன இடத்தில் நோயையும் வாங்கி வந்தவள் அவள்தான். படைத்தளத்து ரகசியத்தை வாரம் தவறாமல் எடுத்துப்போய்க் கொடுத்ததும் அவள்தான்.

அழித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஒரு நிமிட வேலை. விரலைக் கொண்டுபோய் விசை மேல் வைத்தாள். கன்ட்டாலிசியோ எட்டு வருஷம் உள்ளே இருப்பான். விரலை எடுத்துக்கொண்டு தளபதி ஃபிளெய்த்தாஸ் அறைக்குப் போனாள்.

அவர் முழுவதையும் கேட்டார்.

"துரோகி ஒருத்தன்னா அவனோட முடிஞ்சிரும். வைரஸ்னு எழுதுனா தலைமையகத்துலேர்ந்து ஒரு பஸ் நெறைய வந்து எறங்குவானுங்க. அவனுங்களுக்குச் சோறு போடவே என்னால ஆகாது."

"நிரபராதி உள்ள இருக்கான், சார்."

"அத நீ சொல்ற."

"நிரூபிச்சுக் காட்டறேன். கடத்தல்காரனையும் புடிச்சுத் தரேன்."

பிடித்துத் தருவது என்றதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "சரி. ஆனா எழுத்துல ஒண்ணும் வேணாம்."

சனிக்கிழமை இரவு ரோந்துப் படகு தெற்கு வளைவில் நிற்கும் என்று கணினியில் ஒரு பொய்த் திட்டம் போட்டாள். வெள்ளிக்கிழமை வழக்கம்போல பென்டிரைவோடு கடைக்குப் போனாள்.

"என்ன சார்ஜென்ட்டம்மா, பேயறைஞ்ச மாதிரி வர்ற. வெயிலா, புருஷனா?" என்றாள் சின்ஃபோரியானா.

"வெயில்தான்."

"வெயில்னா ஒரு சுத்து குடி. புருஷன்னா சுத்துக்கு ரெண்டு குடி."

கொம்புக் குவளையில் தெரெரே, குளிர்ந்த நீரில் இலை ஊறிய பானம், கடையில் இருந்தவர்களிடையே கைமாறிக்கொண்டிருந்தது. வாங்கிக் குடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நன்றி சொன்னால் இனி வேண்டாம் என்று அர்த்தம். சீக்கிரம் சொன்னால் அப்படி என்ன அவசரம் என்பார்கள். பென்டிரைவ் கணினியில் மினுங்கிக்கொண்டிருக்க, நிமியா நான்கு சுற்று குடித்தாள்.

ஞாயிறு காலை வடக்கு வளைவில் ஒளிந்து நின்ற ரோந்திடம் இரண்டு படகு நிறையச் சிகரெட் பிடிபட்டது. ஃபிளெய்த்தாஸின் படம் பேப்பரில் வந்தது, கீழே 'திறமையான உளவு வேலை' என்று போட்டிருந்தார்கள். வைரஸை அழித்து, கடைசித் துளையையும் அடைத்தார்கள். நிமியாவுக்குத் தண்டனையும் இல்லை, பாராட்டும் இல்லை. கன்ட்டாலிசியோவை விட்டார்கள். தோழனைக் காப்பாற்றத் தன் தலையையே பணயம் வைத்தவள் என்று ஊர் அவளைப் புகழ்ந்தது.

அவள் அவன் வீட்டுக்குப் போனபோது மாமர நிழலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அது என் பென்டிரைவ், கொம்பாத்ரே. நீங்க உள்ள கெடந்தது என்னால."

"மெஷின் பண்ணதுக்கு நீங்க என்ன செய்வீங்க. உக்காருங்க."

"வண்டிய பத்திச் சொன்னதும் நான்தான்."

"தெரியும். விசாரணையில படிச்சுக் காட்டுனாங்க." துணியைப் பிழிந்தான். "வண்டி வாங்குனது உண்மை. உள்ளத சொன்னீங்க."

அவள் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவன் கேட்டான்.

"அந்த வைரஸ் கண்ணுல படறதுக்கு முன்னாடி, திட்டத்த நான் வித்திருப்பேன்னு நெனச்சீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஊரே அவளுக்காக அந்தப் பொய்யைத் தயாராக வைத்திருந்தது.

"நெனச்சேன்."

அவன் தலையாட்டினான். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"புள்ளைய ஞாயித்துக்கிழமை எப்பவும் போல அனுப்புங்க," என்றான். "நீங்க வர வேணாம்."