வேலி ஓரம் ஏழு டுரியான்

இதில் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. என் காதால் கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. பொய்யென்றால் வரும் பருவத்தில் ஒரு டுரியான் சுளைகூட என் வாய்க்கு எட்டாமல் போகட்டும்.

எங்கள் திரெங்கானு ஆற்றங்கரையில் பந்துன் பாட்டுக் கட்டுவதில் ஜூசோவை மிஞ்ச ஆளில்லை. ஊருக்கே அவர் 'பாக் லோங்', அதாவது பெரியப்பா. பந்துனுக்கு நாலு வரி. முதல் இரண்டு ஓசைக்கு, பின் இரண்டு பொருளுக்கு. வாழ்க்கை, புகழ், உண்மை, ஆன்மா எல்லாவற்றையும் பின் இரண்டு வரியில் அடக்க அவருக்கு முப்பது வருஷம் பிடித்தது. முன் இரண்டுக்கு ஐந்து நிமிஷம். வயது எழுபத்தொன்று. சாவதற்குள் ஒருவர் காதிலாவது அந்த இரண்டு வரி விழ வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஊர்த்தலைவர் மகள் கல்யாணத்தில், பகல் விருந்து நடுவே எழுந்து நின்றார்.

"டுரியான் பழுத்தது சேமான் தோட்டம்,
உருண்டு கிடக்குது ஏழு வேலி ஓரம்..."

மூச்சு வாங்க நிறுத்தினார். அதுதான் தப்பு.

"வேலிக்கு உள்ளயா வெளியயா, பாக் லோங்?" என்றான் சமையல்காரன். வெளியே விழுந்தால் எடுத்தவருக்குச் சொந்தம்.

"அடேய், அது ஓசைக்குப் போட்டதுடா! இனிமேதான் விஷயமே வருது!"

"விஷயம் எங்கயும் போயிடாது பாக் லோங், டுரியான் போயிடும்!"

முதலில் ஓடியவர் தோட்டத்துச் சொந்தக்காரர் சேமான். பின்னால் தலைவர். அதற்கும் பின்னால், சரிகை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை.

தட்டில் இறைச்சி மீதமிருந்ததால் நான் எழவில்லை. ஜூசோ என் முன்னால் வந்து உட்கார்ந்து, அந்த இரண்டு வரியையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"நீ ஒருத்தனாவது கேட்டியே, டெராமான். இது போதும்டா."

போனவர்கள் திரும்பி வந்தார்கள். கையில் சரியாக ஏழு டுரியான். ஜூசோவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

"பாக் லோங், என் எருமை காணாமப் போயி நாலு நாளாச்சு. ஒரு பந்துன் சொல்லுங்களேன்!"

"முழுசா வேணாம், முதல் ரெண்டு வரி போதும்!"

ஜூசோ சிரித்துக்கொண்டே எருமைக்கும் சொன்னார். அடுத்த மழைக்காலத்தில் நிம்மதியாகக் கண்ணை மூடினார். அன்று முதல் அந்தப் பின் இரண்டு வரியைக் கேட்டு வெளியூர்க்காரர்கள்கூட என்னைத் தேடி வருகிறார்கள். நானும் அவர் சொன்னபடியே சொல்லி அனுப்புகிறேன்.

அந்தக் கல்யாணத்துக்குப் பதினோரு வருஷம் முன்பே எனக்கு இரண்டு காதும் முழுச் செவிடு.