எறும்பு சொன்ன வியாதி

தூத்துக்குடியில் கருப்பட்டிச் சரக்கை அடுக்கி விற்கக் கிட்டங்கி வைத்திருக்கிற மனுசன் எறும்பைக் கண்டு பயந்தால் பிழைப்பு நடக்குமா? ஆனாலும் பொன்னுதுரை அண்ணாச்சி பயந்தார். சாதாரணப் பயமில்லை. கிட்டங்கிக்குப் பின்னால் தாம் ஒதுங்கிய இடத்தையே குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்து, எறும்பு வரிசை கட்டி வந்ததும், "செந்தூராண்டவா!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற பயம்.

விஷயம் இதுதான். பக்கத்துக் கிட்டங்கி சங்கரபாண்டியனுக்குக் காலில் ஒரு சின்னப் புண். அது ஆறாமல் விரல் போய், கடைசியில் ஆளே போய்விட்டார். சர்க்கரை வியாதி என்றார்கள். துக்க வீட்டுக்குப் போனால் போனோமா வந்தோமா என்று இருக்க வேண்டும். அண்ணாச்சியோ பந்தலில் உட்கார்ந்துகொண்டு, செத்தவருக்கு முதலில் என்ன வந்தது, அப்புறம் என்ன வந்தது என்று ஒவ்வொன்றாகத் தோண்டித் துருவி விசாரித்தார். அங்கே யாரோ ஒரு புண்ணியவான், "அவரு ஒண்ணுக்குப் போன எடத்துல எறும்பு மொய்க்குமாம்லா" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டான். மறுநாள் அண்ணாச்சி குனிந்து பார்த்தார். எறும்பு மொய்த்தது. மனுசனுக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது.

சாவைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பொய். ஆனால் ஒன்று மெய். மகள் தேவகனி முழுகாமல் இருந்தாள். கலியாணமாகி எத்தனையோ வருசம் திருச்செந்தூருக்கு நடையாய் நடந்த பிறகு வயிற்றில் தங்கிய பிள்ளை. அதன் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவோமோ என்பதுதான் அவருடைய பயம்.

அன்றைக்கே வாயைக் கட்டினார். அவர் வாயைக் கட்டுவது லேசுப்பட்ட காரியமா? விடிந்ததும் ஒரு செம்பு கருப்பட்டிக் காப்பி. கிட்டங்கிக்குப் போனால் உடன்குடிச் சரக்கு வந்து இறங்கும். ஒவ்வொரு ஓலைச் சிப்பத்தையும் பிரித்து ஒரு கருப்பட்டி வட்டை உடைத்து, ஒரு துண்டை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துத்தான் விலை சொல்வார். மத்தியானம் மலை மாதிரி சோறு. சாயந்தரம் முந்திரிக்கொத்து. இப்போது எல்லாம் நின்றுபோயிற்று. கருப்பட்டியை உடைத்து மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். சரக்குக் கொண்டுவந்த உடன்குடிக்காரனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அண்ணாச்சி வாயில கூட வைக்க மாட்டேங்கிய. நம்ம சரக்கு அவ்வளவு மட்டமாப் போச்சா?" என்று கோபித்துக்கொண்டு போனான்.

வீட்டில் பெண்டாட்டி முத்துக்கனி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, காப்பிச் செம்பை ணங்கென்று தரையில் வைத்தாள்.

"காப்பி வேண்டாங்கிய, சோறு வேண்டாங்கிய. யாரு மேல கோவம்? எம்மேலயா?"

"எனக்குச் சர்க்கரை வியாதிளா."

முத்துக்கனி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்தாள். உட்கார்ந்து அழுகிற சாதியில்லை அவள்.

"டாக்டரு சொன்னாரா?"

"எனக்கே தெரியும்."

"வாங்க, டாக்டர்கிட்ட போவோம்."

"போயி, அவரு ஆமான்னு சொல்லிட்டாருன்னா?"

டாக்டர் வீடு நம் கையில் இல்லை, அடுப்பு நம் கையில் இருக்கிறது என்று முத்துக்கனி அடுப்படிக்குள் போனாள். யுத்தம் முடிந்தும் அரிசிப் பஞ்சம் முடியாத நேரம் அது. ரேஷனில் அளந்து போடுகிற அரிசிக்கு ஊரே ஏங்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டு ஜெயபாய்க்கு வீடு நிறையப் பிள்ளைகள். ஒன்றுகூட ரேஷனில் போடுகிற கம்பைத் தொடாது. அண்ணாச்சி பங்கு அரிசி சுவரைத் தாண்டி அந்த வீட்டுக்குப் போனது, அந்த வீட்டுக் கம்பு இந்த வீட்டுக்கு வந்தது.

கம்பங்களியைச் சும்மா உருட்டிப் போட்டால் மருந்து மாதிரிதான் இருக்கும். முத்துக்கனி அதற்குத் தோதாகச் சாளை மீனை மிளகு தட்டிப் போட்டு மண்சட்டியில் கொதிக்கவிட்டாள். முருங்கைக் கீரையில் சின்ன உள்ளியை நசுக்கிப் போட்டு வதக்கினாள். முதல் வாரம் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அப்புறம் கை தானாகவே சட்டிப் பக்கம் நீண்டது. வியாதிக்காரன் இவ்வளவு ருசித்துச் சாப்பிடலாமா என்று அதற்கும் ஒரு கவலை.

ஜெயபாய் தினமும் சுவரோரம் வந்து அக்கறையாய் விசாரிப்பாள். "அண்ணாச்சிக்கு இப்ப எப்படி இருக்கு மைனி?"

"அப்படியேதான் இருக்கு."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள்.

உள்ளபடி அவருக்கு நல்லதுதான் நடந்துகொண்டிருந்தது. தொந்தி வற்றியது. முன்னெல்லாம் சிப்பத்து அடுக்கில் ஏறினால் மூச்சு இரைக்கும். இப்போது குரங்கு மாதிரி ஏறினார். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வேட்டி இடுப்பில் தளர்ந்தால், "உருகுதேன்" என்பார். படுத்ததும் தூக்கம் வந்தால், "மயக்கம் வருது" என்பார். கொழும்புக்குச் சரக்கு ஏற்றுகிற தோணியைச் செலுத்தும் தண்டல் ரோச் அவருக்குப் பழைய சிநேகிதன். அவன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாதாவே! அண்ணாச்சி, நீரு மாப்பிள்ளை கணக்கா ஆயிட்டீரு வேய்" என்றான். அண்ணாச்சி உருக்கமாய், "சாவுக்களைடா ரோச்சு" என்றார். ரோச் தலையில் அடித்துக்கொண்டு தோணிக்குப் போய்விட்டான்.

இந்த நிலைமையில்தான் தேவகனி பிரசவத்துக்கு வந்து இறங்கினாள். புருசன் கொழும்புக் கடையில் இருந்தான். வந்தவள் அப்பன் காலடியில் உட்கார்ந்து, கொஞ்சம் வெட்கத்தோடு ஒரு விஷயம் சொன்னாள்.

"ஐயா, பிள்ளை பொறந்ததும் நீங்கதான் சேனை வைக்கணும்."

பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கும் முன்னால், கருப்பட்டித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைப்பதுதான் சேனை. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு அப்படியே வந்துவிடும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதனால் வீட்டுக்கு வீடு ஆள் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள். கூப்பிட்டால் மறுக்க மாட்டார்கள். அது பெரிய கௌரவம்.

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். "நான் வைக்க மாட்டேன். வியாதிக்காரன் கை. பச்சப்பிள்ளைக்கு ஒட்டிக்கிட்டா?"

தேவகனி எழுந்தாள். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். முத்துக்கனிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை அழவைத்தாரே, இன்றைக்கு இவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகாமல் விடுவதில்லை என்று, கூழ்ச் செம்பும் கையுமாகக் கிட்டங்கிக்கே போனாள்.

போனால், அண்ணாச்சி பின்பக்கம் வெயிலில் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"இங்கன என்ன பாக்கிய?"

"நீயே வந்து பாருளா. எறும்பு. சங்கரபாண்டியனுக்கும் இப்படித்தான் மொய்ச்சுதாம்."

முத்துக்கனி தரையைப் பார்த்தாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள். காலையிலிருந்து கருப்பட்டித் தூளில் நடந்த கால். உள்ளங்காலில் அரை விரல் கனத்துக்கு அப்பிக் கிடக்கிறது. பாவம், எறும்புகள் தரையில் மட்டுமா இருந்தன? அவர் கெண்டைக்கால் வரை ஏறிக்கொண்டிருந்தன. அவள் தொட்டித் தண்ணீரைக் கோரி அந்தக் காலில் ஊற்றினாள். வழிந்த தண்ணீர் ஒரு ஓரமாய்ப் போய்த் தேங்கியது. இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். எறும்பெல்லாம் கும்பலாய் அங்கே திரும்பியது.

"அடப்பாவி மனுசா! அப்ப இந்தத் தொட்டித் தண்ணிக்கும் சர்க்கரை வியாதியா?"

முத்துக்கனி சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! கூழ்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, சிப்பத்தில் சாய்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"அப்ப நான் ஏன் மெலிஞ்சேன்? சயரோகமா இருக்குமோ?"

"கம்பங்களி தின்னா மெலியாம என்ன செய்யும்!" என்று அவள் கத்தினாள்.

நியாயத்துக்குப் பயம் எங்கே கட்டுப்பட்டது? அன்று சாயந்தரமே முத்துக்கனி சொல்லியனுப்ப, ரோச் வந்து ஒரு கையைப் பிடித்தான், அவள் மறு கையைப் பிடிக்காத குறை. துறைமுகத்துப் பக்கம் இருந்த டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். நீல மருந்தில் அவருடைய நீரைச் சொட்டுவிட்டு விளக்கில் காய்ச்சினார். சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகும் என்றார். அண்ணாச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அது நீலமாகவே இருந்தது.

"ஒண்ணும் கிடையாது. நெஞ்சும் சுத்தமா இருக்கு. என்ன சாப்பிடுறீங்களோ அதையே சாப்பிடுங்க, உடம்பு நல்லா இருக்கு" என்றார் டாக்டர்.

"மருந்து பழசாயிருக்குமோ டாக்டர்?"

டாக்டர் குழாயைச் சுருட்டி வைத்தார். "உங்களுக்கு இருக்கிறது பயம். அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லை" என்றார்.

செய்தி சுவரைத் தாண்டியதும் ஜெயபாய் பதறியடித்துக்கொண்டு வந்தாள். "அண்ணாச்சி, ஒரு டாக்டர் சொன்னா போதுமா? எதுக்கும் பொங்கல் முடியட்டும். கம்பை மட்டும் விட்டுராதீங்க!" தெருவே சிரித்தது. அண்ணாச்சி கம்பை விடவில்லை. அது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் டாக்டர் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் முள்ளாய்த் தைத்துக்கொண்டிருந்தது. ஆள் இல்லாத நேரமாய்ப் பார்த்து நாடியைப் பிடித்துப் பார்ப்பதும், கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்ப்பதும் நிற்கவில்லை.

கார்த்திகையில் ஒரு முற்பகல், மழை தூறிக்கொண்டிருந்தபோது, தேவகனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மருத்துவச்சி பிள்ளையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றித் தாயின் பக்கத்தில் கிடத்தினாள். முத்துக்கனி கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, பாலாடைச் சங்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற புருசனைக் கூப்பிட்டாள்.

அண்ணாச்சி உள்ளே வந்தார். பிள்ளையைப் பார்த்தார். இந்த முகத்தைப் பார்ப்பதற்குத்தானே இவ்வளவும்! அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஆனால் கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேற யாரையாவது கூப்பிடுளா."

"இப்ப என்ன? அதான் வியாதி இல்லன்னு சொல்லியாச்சுல்லா?"

"வியாதி இல்ல. டாக்டரு என்ன சொன்னாரு? எனக்கு இருக்கது பயம்னாரு. அவரு சொன்னது நெசம். எறும்பப் பாத்தா பயம், இருமினா பயம், தூங்குனா பயம். நான் படுத பாடு எனக்குத்தான் தெரியும். என் கொணம் இவளுக்கு வந்துட்டா, பாவம், இவ காலம்பூராவும் நாடியப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். தைரியமான கையா பாத்து வைக்கச் சொல்லு."

மருத்துவச்சி வாயில் கையை வைத்தாள். குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடியது.

தேவகனி படுத்தபடியே தலையைத் திருப்பினாள். களைத்துப்போன குரல், ஆனால் அதில் கோபமும் இருந்தது.

"ஐயா, நீங்க பயந்திய. இல்லங்கல. பயந்துகிட்டே என்ன செஞ்சிய? கிட்டங்கி முட்டக் கருப்பட்டிய வச்சிக்கிட்டு ஒரு துண்டு வாயில போடல. சோத்த விட்டிய. களியத் தின்னிய. எதுக்கு? இவ மொகத்தப் பாக்கணும்னுதான? பயம் இல்லாதவன் எவன் இப்படிச் செய்வான்? அந்தக் கொணம் எம்பிள்ளைக்கு வேணும். வைங்க ஐயா, அவளுக்குப் பசிக்கி."

அண்ணாச்சி கிட்டே வந்தார். பின்னால் கட்டிய கை மெல்ல முன்னால் வந்தது. சங்கில் சுண்டுவிரலை நனைத்து, குனிந்து, அந்தச் சிவந்த நாக்கில் வைத்தார். குழந்தையின் காதோரம் வாயை வைத்து ரகசியமாய்ச் சொன்னார். ரகசியம் என்றால், அவர் குரலுக்குத் தெருமுனை வரை கேட்கிற ரகசியம்.

"ஏளா, பயம் வரும். எல்லாருக்கும் வரும். வந்தா வந்துட்டுப் போகுது, நீ ஒன் சோலியப் பாரு. என்ன?"

"ஆத்தாடி! இதத்தான நான் ஆடி மாசத்துலேருந்து கத்துதேன்!" என்றாள் முத்துக்கனி. தேவகனி சிரித்து, வயிறு வலித்து, "சிரிக்க வைக்காதீங்கம்மா" என்று கெஞ்சினாள்.

குழந்தை சப்புக் கொட்டியது. பிறகு அவர் விரலை ஈறுகளால் கவ்விப் பிடித்துக்கொண்டது, விடுவதாயில்லை. அண்ணாச்சி குனிந்தபடியே நின்றார். நேரம் போகப் போக இடுப்பில் சுள்ளென்று ஒரு வலி பிடித்து முதுகு வரை ஏறியது. அது என்ன வலி, எந்த வியாதிக்கு அடையாளம் என்றெல்லாம் யோசிக்க அவருக்குப் பொழுதில்லை.

"சங்க இங்கன கொண்டாளா" என்றார். "இவளுக்கு இன்னும் ஒரு சொட்டு வேணுமாம்."